சரளைக் குழி

பெஞ்சில் கிடத்தியிருந்த பிரம்மநாயகத்தின் தலையில் மகள் பிரேமலதா சீயக்காய் வைத்துக்கொண்டிருந்தபோது, மகன் மாரிக்கண்ணன் சந்து முனையில் கைவண்டிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தான். வண்டி நிறைய இடித்த கட்டடத்துச் சல்லி. அதைக் கொட்டி வாசலில் இருக்கும் சரளைக் குழியை மூடிவிட வேண்டும் என்பது அவன் யோசனை. சாவு வீட்டில் ஆயிரம் வேலை கிடக்க, காட்கோபரிலிருந்து வந்தவன் கண்ணில் இதுதான் முதலில் பட்டது.

“பாடை கெளம்புனதும் கொட்டச் சொல்லியிருக்கேன். நாளைக்கு அதுக்கு மேல சிமெண்ட் பூசிருவான். இனி ஒனக்கும் அந்தச் சகதி அள்ளுற சனியன் இல்லட்டி” என்றான்.

பிரேமலதா சரியென்று தலையாட்டினாள். உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அப்பா கிடக்கும்போது இப்படி இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

தாராவியில் மழைக்காலத்துக்கு எல்லோரும் செய்வதைத்தான் பிரம்மநாயகமும் ஒரு காலத்தில் செய்தார். வீட்டுத் தரையை உயர்த்திக் கட்டினார். அடுத்த மழைக்கு இவர் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அத்தனையும் எதிரே தாழக் கிடந்த ஆஸியா வீட்டுக்குள் போய் உட்கார்ந்தது. அந்தச் சமயம் பார்த்து ஏதோ காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள். மழைத்தண்ணீரை மண்ணே குடிக்கட்டும் என்று வாசல் சிமெண்டை உடைத்துக் குழி வெட்டி, மணலும் சரளையும் நிரப்பி, ஓரத்தில் கல்வாழை நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் கொசு வருகிறதென்று மூடி, மேலே பைக்கை நிறுத்திவிட்டார்கள். பிரம்மநாயகம் மட்டும் மூடவில்லை. பெருமழைக்கு அது தாங்காதுதான். ஆனால் சாதாரண மழைக்கு ஆஸியா வீடு தப்பித்துவிடும்.

குழியென்றால் சும்மா கிடக்காது. ஒவ்வொரு மழைக்கும் சகதி படிந்து அடைத்துக்கொள்ளும். அவர் படுக்கையில் விழுந்தபின் அந்த வேலை பிரேமலதாவின் தலையில் விடிந்தது. சயானில் பல் டாக்டர் கிளினிக்கில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, அப்பாவின் துணியை அலசிப் போட்டு, அதற்குப் பிறகு குனிந்து சரளையை வழிக்க வேண்டும். பல நாள் அவள் அப்பாவைச் சபித்துக்கொண்டேதான் வழித்தாள்.

அவரைக் குளிப்பாட்ட, சங்கு ஊதிக்கொண்டு நீர்மாலை வந்தது. தலைக்கு மேல் வேட்டியை விரித்துப் பிடித்த பங்காளிகளுக்கு நடுவே, மாரிக்கண்ணன் கோயில் குழாயில் பிடித்த தண்ணீர்க் குடத்தைச் சுமந்து வந்தான். செத்தவர் குளித்த தண்ணீர் அடுத்தவர் வாசலைத் தாண்டக் கூடாது. சாக்கடையில் விடலாமென்றால் மத்தியானம் ஹை டைட். கடல் ஏற ஏறச் சாக்கடை எதிர்த்துக்கொண்டு வரும். அதனால் பெஞ்சைச் சரளைக் குழியின் மேலேயே போட்டிருந்தார்கள். குடம் குடமாக ஊற்றினார்கள். ஊற்றியதெல்லாம் கல்லுக்குள் இறங்கிப் போனது.

“இம்புட்டுத் தண்ணியும் எங்கல போச்சு?” என்றார் பெரியவர் வானமாமலை.

பிரேமலதா நிமிர்ந்தபோது எதிர்வீடு தெரிந்தது. விடிந்ததிலிருந்து துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த ஆஸியா, இப்போது மகள் சஃப்ரீனோடு சேர்ந்து மெத்தையைச் சுருட்டிப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பிறகு இருவரும் ஃப்ரிட்ஜைச் சாய்த்து அடியில் செங்கல் வைத்தார்கள்.

“என்னக்கா செய்றீய?”

ஆஸியா ஒரு தடவை கைவண்டியைப் பார்த்தாள். “ஒண்ணுமில்ல பிரேமா. மழக்காலம்லா. நீ அப்பாவைப் பாரு.”

குழியை மூடப்போறியளா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பிரேமலதாவும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். ஆஸியா கேட்கவே இல்லை.

வாய்க்கரிசி போட்டு முடிந்து பாடை கிளம்பியது. பெண்கள் சந்து முனையோடு நின்றுவிட்டார்கள். அவள் திரும்பி வருவதற்குள் கைவண்டி வாசலுக்கு வந்திருந்தது. கொட்டட்டுமா என்று வண்டிக்காரன் இந்தியில் கேட்டான்.

எங்காவது ஒரு மூலையில் விழுந்து தூங்கினால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

“நகீ. லே ஜாவ்” என்று வண்டியைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னாள்.

“ஒங்கண்ணன் வந்து சத்தம் போடுவாவ பிள்ள” என்றாள் மாரிக்கண்ணனின் மனைவி, அவள் மதினி.

“போடட்டும்.”

வண்டிக்காரன் முனகிக்கொண்டே போனான். மழை பிடித்துக்கொண்டது. மதினி வீட்டைக் கழுவிவிட்ட தண்ணீரும் மழையும் சேர்ந்து குழியில் இறங்காமல் நின்றன. மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜா இதழெல்லாம் சரளையில் அப்பிக்கொண்டு அடைத்திருந்தது. தண்ணீர் ஆஸியா வீட்டுப் படியை நோக்கி மெல்ல நகர்ந்தது.

பிரேமலதா இன்னும் தலைமுழுகவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு மழையிலேயே குந்தி இதழ்களை வழிக்க ஆரம்பித்தாள். சற்று நேரத்தில் ஆஸியா ஒரு முறத்தோடு வந்து எதிரே குந்தினாள். வழித்த இதழையெல்லாம் இருவரும் முறத்தில் போட்டார்கள்.

இதழுக்கு நடுவே அப்பாவின் வாயிலிருந்து சிந்திய அரிசியும் கிடந்தது. அதை மட்டும் முறத்தில் போட மனம் வராமல், பிரேமலதா ஒவ்வொன்றாகப் பொறுக்கி இடது கையில் மூடிக்கொண்டாள். கல்லுக்குள் தண்ணீர் இறங்கத் தொடங்கியிருந்தது.