கிஸ்லேனுக்குக் கேட்காத பாதி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டுக் கோடை முழுக்கப் பிரான்ஸில் முதலிடத்தில் நின்ற காதல் பாட்டில், ஆண் பாடும் பகுதி கிஸ்லேன் வஸ்ஸேர் இருக்கும் இடத்தில் மட்டும் கேட்காது. பெண் குரல் அவளுடையதேதான். அவள் ஓர் அறைக்குள் நுழைந்தால், வானொலியானாலும் இசைத்தட்டானாலும் அவள் வரிகளை மட்டும் பாடும். தியெரியின் இடம் வந்ததும் ஊமையாகிவிடும். அவள் வெளியே போனால் சரியாகிவிடும். எங்கள் புலோன் துறைமுகத்தில் கானாங்கெளுத்தி என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் இதுவும் தெரியும்.

அவளும் தியெரியும் பல வருடங்கள் ஒரே வாத்தியக் குழுவில், வடக்கு ஊர்களின் கல்யாணங்களிலும் நடனக் கூடங்களிலும் பாடித் திரிந்தவர்கள். பாரீஸிலிருந்து வந்த ஒருவர் அவர்கள் பாடியதைக் கேட்டுவிட்டு 'உன் விளக்கு எரிகிறதா' என்ற பாட்டைக் கொடுத்தார். அவள் கேள்வி கேட்பாள், அவன் பதில் பாடுவான். பாரீஸில் பதிவு; அவளுக்கு ஒருநாள், அவனுக்கு மறுநாள். அவள் பாடி முடித்து ஊருக்கு ரயில் ஏறுமுன், நிலையத்துக் காப்பிக் கடையில் பொறுமை இழந்தாள்.

"தியெரி, நாம சேந்து வாழப்போறமா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்."

அவன் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். "கடைசி வரிய என் இஷ்டத்துக்குப் பாடலாம்னு விட்டுட்டாங்க. நாளைக்கு அதுல சொல்றேன். கேட்டுக்கோ."

"ஆளப் பாரு! மைக் இல்லாம உனக்கு வாயே தொறக்காதா?"

கோபத்தில் சொன்னாளே தவிர, ரயிலில் சிரித்துக்கொண்டேதான் வந்தாள், பாவம்.

பாட்டு வெளிவந்த வாரமே தொலைக்காட்சிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே யாரும் நிஜமாகப் பாடுவதில்லை; தட்டு ஓடும், பாடகர்கள் வாயசைப்பார்கள். ஒத்திகைக்கு அவள் முதலில் போய்விட்டாள். தியெரி இன்னும் வந்து சேரவில்லை. தட்டைப் போட்டார்கள், பாதிதான் கேட்டது. கம்பிகளை மாற்றினார்கள், கருவியை மாற்றினார்கள். அவள் கழிவறைக்குப் போன நேரத்தில் பாட்டு முழுசாகக் கேட்கவே, விஷயம் பிடிபட்டது. அவர்கள் அதிர்ச்சி அடையவில்லை. நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது என்றுதான் கவலைப்பட்டார்கள். அவளை வாடகைக் காரில் அனுப்பிவிட்டு, வாயசைக்கப் பொன்னிற முடிக்காரப் பெண் ஒருத்தியை நிறுத்தினார்கள். தாமதமாக வந்த தியெரியிடம், "அவங்க போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னார்கள். வேறு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!

பாட்டு ஏறியது. சனிக்கிழமைதோறும் ஐம்பது பாட்டு வரிசையில் முப்பதாவது, பன்னிரண்டாவது, பிறகு முதலாவது. கிஸ்லேன், பாட்டுக்காக மூடி வைத்திருந்த தன் சிகையலங்காரக் கடையைத் திரும்பத் திறந்தாள். வானொலியில் நாளுக்குப் பத்துமுறை அவளே கேள்வி கேட்டாள், அவளே மௌனத்தைக் கேட்டாள். தலைமுடியில் சுருள் உருளைகளோடு உட்கார்ந்திருந்த மீன்காரி தெல்போர்த் சும்மா இருப்பாளா?

"ஏம்மா, புருஷன்கிட்டப் பேசற மாதிரியே இருக்கே. நாம கத்துறோம், அந்தப் பக்கம் மூச்சே காணும்."

கடை முழுக்கச் சிரித்தது. கிஸ்லேனும் சிரித்தாள். கடைசி வரி என்னவென்று தெல்போர்த்திடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். நாடே முணுமுணுத்த வரி அது. கிஸ்லேன் கேட்கவில்லை. சொல்ல வேண்டியவன் வந்து சொல்லட்டும் என்ற வீம்பு. வீம்புக்கு மருந்து ஏது?

தேசிய விழா நாளான ஜூலை பதினான்காம் தேதி, தீயணைப்புப் படையினர் நடத்தும் நடனத்தில் எல்லாப் பாட்டும் முடிந்து மெதுவான ஆட்டத்துக்கு அந்தப் பாட்டைத்தான் போட்டார்கள். அவள் அங்கே இருந்ததால் பாட்டு நடுவில் ஊமையாகிவிட, ஜோடிகள் ஒரு காலைத் தூக்கியபடி திகைத்து நின்றார்கள். "மதாம், தப்பா நெனைக்காதீங்க, அடுத்த வருஷம்..." என்று படைத்தலைவர் தொப்பியைத் தடவினார். அவள் தப்பாக நினைக்கவில்லை. அடுத்த வருடம் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். அதற்கடுத்த வருடங்களிலும் அப்படித்தான். கல்யாண அழைப்புகளும் நின்றன. தன் பாட்டுக்கு ஊரே ஆடும்போது அவள் மட்டும் தனியாக வெங்காய சூப் குடித்தாள்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, ஒரு ஜூலை மாதச் செவ்வாய்க்கிழமை, தியெரி கடைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். முடி பாதி போயிருந்தது. லியோனில் மனைவி, இரண்டு பெண்கள் என்றான். அவள் துணியைக் கழுத்தில் கட்டினாள்.

"ஏன் வரல, கிஸ்லேன்? சரின்னு சொன்னேனே. 'எரியுது, நீ வந்து சேர்'னு. நாடே கேட்டுச்சே. மூணு வருஷம் காத்திருந்தேன்."

"எனக்குக் கேக்கல."

"வெளையாடாத."

அவள் தட்டைப் போட்டாள். அவன் தன் மௌனத்தைக் கடைசிவரை கேட்டான். தன் இடம் வந்தபோது கூடவே பாடிப் பார்த்தான். கண்ணாடியில் வாய்தான் அசைந்தது. பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"அசையாத. காது வெட்டுப்படும்" என்றாள் அவள். நன்றாகவே வெட்டிவிட்டாள். அவன் போனபின் தரையைக் கூட்டவில்லை. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பக்கத்து ரொட்டிக் கடைவரை கேட்டது.

அந்த வாரமே நடனம். பழைய படைத்தலைவர் தானே வந்து கதவைத் தட்டினார். "வாங்க மதாம். நீங்க இல்லாம அது உங்க பாட்டா? பாட்டு நின்னா நாங்களும் நின்னுட்டுப் போறோம்."

அன்றிலிருந்து எங்கள் ஊரில் அந்தப் பாட்டுக்கு அப்படித்தான் ஆடுகிறார்கள். அவள் வரிக்கு ஆட்டம். அவன் வரிக்கு அணைத்தபடி அசையாமல் நிற்பார்கள், கடல் கேட்கும். வெளியூர்க்காரர்கள் தட்டு பழுதென்று நினைப்பார்கள். கிஸ்லேன் எலுமிச்சைச் சாறு வைத்த மேசையருகே தனியாக நிற்பாள். அந்த மௌனத்தில் தியெரி என்ன பாடுகிறான் என்று ஊருக்கே தெரியும். இப்போது அவளுக்கும் தெரியும்.