புளோறன்ஸ் விழுங்காத குளிசைகள்

ஏழு மாதத்தில் புளோறன்ஸ் கிளினிக்குக்கு வராமல் விட்டது அன்றுதான் முதல் தடவை. போனும் எடுக்கவில்லை. பன்னிரண்டு மணிவரை பார்த்துவிட்டு அஷ்வினி தானே கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டாள்.

அஷ்வினி வெள்ளவத்தைக்காரி. கொழுப்புப் படிந்து கெட்டுப்போகும் ஈரலுக்கு ஒரு புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் வேலை செய்தாள். நூற்றிருபது நோயாளிகள். பாதிப்பேருக்கு உண்மையான குளிசை. மற்றவர்களுக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தே இல்லாத வெறும் குளிசை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, அஷ்வினிக்கும் தெரியாது, ஆய்வை நடத்தும் டொக்டர் மக்கீனுக்கும் தெரியாது. மாதாமாதம் வருகிறவர்களிடம் இரத்தம் எடுப்பதும், போத்தலில் மிஞ்சிய குளிசைகளை எண்ணுவதும் அவள் வேலை. அநேகமானவர்கள் நாலைந்து மிச்சம் கொண்டுவருவார்கள். கலியாண வீட்டுக்குப் போனோம், மறந்துவிட்டது என்பார்கள். புளோறன்ஸின் போத்தல் மட்டும் ஒரு மாதமும் பிசகியதில்லை. அவள் ஏழு கிலோ மெலிந்து, ஸ்கேனில் ஈரலின் இறுக்கமும் குறைந்திருந்தது. இவளுக்கு உண்மையான மருந்துதான் கிடைத்திருக்கிறது என்று அஷ்வினி மனதுக்குள் முடிவுகட்டியிருந்தாள்.

ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையில் இரண்டு அறை வீடு. கதவைத் திறந்த புளோறன்ஸ் வழிவிடாமல் நின்றாள்.

"றோஸிக்குச் சுகமில்ல மகள். அதான் வரல்ல."

றோஸி அவளுடைய தங்கை. இருவரும் ஒன்றாகத்தான் ஆய்வில் சேர வந்திருந்தார்கள். ஆனால் றோஸியின் ஈரல் ஏற்கெனவே சுருங்கிப்போயிருந்தது. அவ்வளவு தூரம் கெட்ட ஈரலை இந்த மருந்து என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. "உங்களை இதில சேர்க்க ஏலாது அன்ட்டி" என்று சொல்லி அனுப்பியது அஷ்வினிதான். பத்து நிமிடத்தில் அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. வாழ்நாளில் ஒரு துளி சாராயம் தொடாதவள் றோஸி. ஈரல் வருத்தம் என்று கேள்விப்பட்டதிலிருந்து கோயிலில் ஆட்கள் தன்னை ஒருமாதிரிப் பார்ப்பதாகச் சொல்லி அன்று அவள் அழுததும் அஷ்வினிக்கு நினைவிருந்தது.

இப்போது அஷ்வினி கேட்டுக்கொண்டு உள்ளே போனபோது, றோஸி உள்ளறைக் கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தாள். கண்கள் மஞ்சளாக இருந்தன. வயிறு உப்பியிருந்தது. பக்கத்து ஸ்டூலில் ஒரு கிளாஸ் தண்ணீரும், சோசரில் ஒரு இளநீலக் குளிசையும். ஆயிரக்கணக்கில் எண்ணிய கைகளுக்கு அது எந்தக் குளிசை என்று தெரியாமல் போகாது.

"அன்ட்டி, இது உங்கட குளிசை எல்லே?"

புளோறன்ஸ் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "அவளுக்குக் குடுத்தன்."

"எப்ப இருந்து?"

"முதல் போத்தல்ல இருந்து."

"இது வெறும் குளிசையாயும் இருக்கலாம் எண்டு நான் வாசிச்சுக் காட்டினனான்தானே."

"காட்டினீங்க. பாதிப்பேருக்குச் சரியான மருந்து எண்டும் சொன்னீங்க. இவளுக்கு வேற ஒண்டும் இல்ல எண்டு சொன்ன பிறகு, அந்தப் பாதி எனக்குப் பெரிசாத் தெரிஞ்சிச்சு மகள்."

கண்ணில் மஞ்சள் எப்போது வந்தது என்று அஷ்வினி கேட்டாள். அஞ்சு நாள் என்றாள் புளோறன்ஸ். குளிசையில் உண்மையான மருந்து இருந்திருந்தால், றோஸியை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது அதுவாகவே இருக்கலாம்.

மக்கீனுக்குப் போன் பண்ணினாள். மூவரும் த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். புறக்கோட்டை நெரிசலில் வண்டி நின்றபோது, நடுவில் இருந்த றோஸி அஷ்வினியின் பக்கம் சரிந்து மெல்லிய குரலில் சொன்னாள்: "அக்காவ ஏசாதீங்க. அது அவட குளிசை எண்டு எனக்குத் தெரியும். நான் குடிக்காட்டி அவ சாப்பிடமாட்டா."

மக்கீன் யாரையும் ஏசவில்லை. றோஸியைப் பார்த்து, வயிற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு அறைக்கு வந்தார்.

"யாருக்கு எது எண்ட இரகசியக் குறியீட்டைத் திறக்கத்தான் வேணும். என்ன மருந்து உள்ள போயிருக்கு எண்டு தெரியாம வைத்தியம் செய்ய ஏலாது."

அனுமதி வரக் கால்மணி நேரம் எடுத்தது. புளோறன்ஸின் இலக்கத்தை அடித்து, திரையைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றினார்.

"வெறும் குளிசை."

அஷ்வினிக்கு மூச்சு வந்தது. அடுத்த கணமே, இதைப் போய்ச் சொல்ல வேண்டியவள் தான்தான் என்பதும் நினைவுக்கு வந்தது.

வயிற்று நீரின் முடிவும் வந்தபோது புளோறன்ஸ் வாட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அஷ்வினி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"றோஸி அன்ட்டிக்கு வயித்து நீரில கிருமி பிடிச்சிருக்கு. ஊசி போடீனம். குளிசையால ஒரு கெடுதலும் வரேல்ல. அதில மருந்தே இருக்கேல்ல."

புளோறன்ஸ் அவள் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டாம் மாசம் பசிக்குது எண்டாளே. பிட்டு அவிக்கச் சொல்லித் திண்டாளே."

"திண்டவதான் அன்ட்டி. அது பொய்யில்ல."

"அப்ப என்ட ஈரல் எப்பிடி நல்லாச்சு? நான் ஒண்டும் விழுங்கல்லயே."

அதைத்தான் அஷ்வினியும் கேட்க நினைத்திருந்தாள். இந்த ஏழு மாதமும் என்ன செய்தாள் என்று கேட்டதும் புளோறன்ஸ் சொன்னாள்: குளிசை எடுக்காததால் பயம். பயத்தில் சீனியை விட்டாள். தினமும் காலைப் பூசை முடிந்ததும் காலிமுகத் திடல்வரை நடந்து போய்த் திரும்பினாள். மழை நாளிலும் குடையோடு போனாளாம்.

அன்று பின்னேரம் அஷ்வினி புளோறன்ஸின் ஆய்வுக் கோவையை விரித்தாள். 'ஒழுங்காக எடுக்கிறார்' என்று ஏழு இடங்களில் அவளுடைய கையெழுத்து. அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது. போத்தல் வெறுமையாக வந்ததைத்தான் அவள் பார்த்திருந்தாள். அது யாருடைய வாய்க்குப் போனது என்று பார்க்கவில்லை.

"இந்தப் பக்கங்களை என்ன செய்யிறது டொக்டர்? அவவை ஆய்வில இருந்து எடுத்துவிடுறதா?"

"அழிக்காதீங்க. மேல ஒரு கோடு போட்டு, இண்டைக்குத் திகதி போட்டு, நடந்தத அப்பிடியே எழுதுங்க. அவவுக்குக் குளிசை இனி இல்ல. ஆனா சேர்ந்த எல்லாரையும் கடைசிவரைக்கும் பார்க்கணும். சரியா விழுங்கினவங்கள மட்டும் எண்ணினா, மருந்து கடதாசியிலதான் நல்லா வேலை செய்யும்."

பதினோராம் நாள் றோஸி வீட்டுக்குப் போனாள். மஞ்சள் இறங்கியிருந்தது. ஈரல் பழையபடி ஆகாது என்பதை மக்கீன் அக்காவையும் தங்கையையும் ஒன்றாக இருத்தி விளங்கப்படுத்தினார். இம்முறை அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தார்.

அடுத்த மாதம் புளோறன்ஸ் சொன்ன நாளுக்கே வந்து இரத்தம் கொடுத்தாள். றோஸியும் கூட வந்திருந்தாள்.

"என்னட்டயும் எடுக்க ஏலாதா?" என்று அவள் கேட்டாள். "மருந்து வேணாம். என்னப்போல ஆக்களுக்கு என்ன நடக்குது எண்டு பார்க்கத்தான்."

அப்படி ஒரு பதிவு இருந்தது. மருந்து கிடையாது, முற்றிய ஈரல் நோயாளிகளைத் தொடர்ந்து கவனிப்பது மட்டுமே. அஷ்வினி சம்மதப் பத்திரத்தை எடுத்துவந்து, மேசைக்கு அவர்கள் இருந்த பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வரிவரியாக வாசித்தாள். 'இதனால் உங்களுக்கு நேரடியாக எந்த நன்மையும் கிடைக்காது' என்ற வரியில் நிறுத்தி, இருவரின் முகத்தையும் பார்த்தாள்.

"அது விளங்குது," என்றாள் றோஸி. "மிச்சத்தையும் வாசிங்க."