தூங்குமூஞ்சிக்கு ஒரு கையெழுத்து

"ராணியத்தான் அனுப்பணும்" என்றார் எங்கள் பேராசிரியர் விரோட்; எங்களுக்கு ஆஜான், அதாவது ஆசிரியர்.

ராணி என்பது ஒரு தட்டு மனித ஸ்டெம் செல்கள். நீல ஒளி பட்டால் பச்சையாக மின்னும். மின்ன வைத்தது நான்தான், ஒன்பது மாத வேலை.

செல்லின் உட்கருவைச் சுற்றி மெல்லிய உறை உண்டு. அந்த உறைக்கான புரதத்தைச் செய்யும் மரபணுவின் ஓரத்தை வெட்டி, ஜெல்லிமீனிடமிருந்து வந்த ஒளிரும் புரதத்தின் மரபணுவை அங்கே தைத்துவிடுவோம். அதன்பின் செல் உறைப்புரதத்தை எவ்வளவு செய்கிறதோ, அவ்வளவுதான் வெளிச்சம். செல் அதைக் கொஞ்சமாகத்தான் செய்யும்; அதனால் சரியாகத் தைத்த செல் மங்கலாகவே இருக்கும். இருட்டில் மூன்று நிமிடம் கண்ணைப் பழக்கினால், பச்சை நூலால் போட்ட வளையம்போலத் தெரியும். அப்படி ஒரு தட்டும் எங்களிடம் இருந்தது. கூட வேலை செய்யும் நோக் அக்கா அதற்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தாள்.

ராணியோ விளக்கைப் போட்டதுமே கண்ணில் அடித்தாள். எனக்கு உறுத்தியது. மரபணுப் பிரதிகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து ஒளி மரபணுக்கள். நான்கு எங்கெங்கோ போய் ஒட்டியிருந்தன. எதை உடைத்தனவோ, யாருக்கும் தெரியாது.

"வெள்ளிக்கிழமை விருந்தாளிங்க வர்றாங்க, சோம். உன் தூங்குமூஞ்சியக் காட்டினா பல்பு ஃபியூஸ் போயிடுச்சான்னு கேப்பாங்க."

"கேக்கட்டும் ஆஜான். மருந்து சோதிக்க ராணி பதினோரு லேபுக்குப் போனா, செல்லு செத்தது மருந்தாலயா நம்ம தையலாலயான்னு தெரியாம ரெண்டு வருஷம் முழிப்பாங்க."

"உன் ஒப்பந்தம் மாசக் கடைசியில முடியுது. ஞாபகம் இருக்கா?"

நோக் அக்கா ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடி துடைத்தாள்.

"இருக்கு." லேபுகளுக்குக் கூடவே போகும் ராணியின் சான்றிதழை அவர் பக்கம் நகர்த்தி, பேனாவைத் திறந்து மேலே வைத்தேன். "'ஒரே பிரதி, சரியான இடத்தில்'னு இதுல போட்டிருக்கு. உங்களுக்கு அப்படித் தோணினா நீங்களே கையெழுத்துப் போடுங்க. நான் போட மாட்டேன்."

அவர் பேனாவையே பார்த்தார். எடுக்கவில்லை.

அவர் முன்னாலேயே ராணியின் தட்டில் ப்ளீச் ஊற்றினேன்.

"எருமை" என்றார். கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனார்.

"அப்ப வெள்ளிக்கிழமை என்னடி பண்றது?" என்றாள் நோக் அக்கா.

"லைட்ட அணைச்சிட்டு மூணு நிமிஷம் சும்மா உக்காரச் சொல்லுவோம்க்கா."

அதே பேனாவால் தூங்குமூஞ்சியின் சான்றிதழில் கையெழுத்திட்டேன்.