இருபது பீஸ் ட்ரையல்

…இந்த ஒன்பதாவது பீஸிலாவது அளவு கொஞ்சம் ஏறித் தொலையக் கூடாதா, நிறைய வேண்டாம், ஒரு முப்பது மைக்ரான், தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை, அது ஏறினால் போதும், தாளில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு, பாருங்க, உங்க இன்சர்ட்டும் அதே கதைதான் என்று விற்பனைக்காரரை அனுப்பிவிடலாம்… மெஷின் கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூடு தணிக்கும் கூலண்ட் பாலாகக் கொட்டிக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் சூப்பர்வைசர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுதப்போன பிள்ளைக்காகப் பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கும் தகப்பன்போல நின்றிருந்தார், என்ன, பிள்ளை ஃபெயிலாக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற தகப்பன். கதவு திறந்தது. அளவெடுக்கும் பெண் அலுமினியக் கூட்டைத் துடைத்து, அதன் துளைக்குள் கேஜை விட்டுப் பார்த்து, "எட்டு மைக்ரான் சார்" என்றாள். முதல் பீஸ் எட்டு, இரண்டாவது ஒன்பது, அப்புறம் எட்டு, எட்டு, ஒன்பது… இருபத்தைந்துவரை போகலாம் என்று வரைபடமே இடம் கொடுக்கிறது, இதுவோ எட்டை விட்டு நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. அவர் பத்தாவது பீஸை மாட்டிக் கதவைச் சாத்தினார்.

எல்லாம் இந்த இன்சர்ட், உலோகத்தைச் சீவுகிற ஒரு சுண்டுவிரல் நக அளவுச் சில்லுதான், அதற்குள் எத்தனை திமிர்… காலையில் விற்பனைக்காரர் அதை உள்ளங்கையில் வைத்து, பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் பெருமை பேசுகிற மாதிரி பேசினார், அலுமினியத்துக்குப் பூச்சே வேண்டாம் சார், வெறும் கார்பைடு, முகம் தெரியற மாதிரி தேச்சிருக்கோம், முனை கத்தி மாதிரி, அலுமினியம் வழுக்கிட்டுப் போயிடும், ஒட்டாது. பிறகு மேஜையில் இருந்த பழைய தங்கநிற இன்சர்ட்டை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்து, "இது இரும்புக்கு உள்ளது ஆச்சே சார், இதை யாரு அலுமினியத்துக்குப் போட்டது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். யார் போட்டது… கேட்டவர் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார் போட்டவர். ஐந்து வருடம் முன்பு, இரும்புக்கும் இதுதான், அலுமினியத்துக்கும் இதுதான், பட்டறை முழுக்க ஒரே டப்பா, குழப்பமே கிடையாது என்று மார்தட்டியது அவர்தான், முதலாளி தோளில் தட்டிக்கொடுத்ததும் அவரைத்தான். தங்கநிறம் வேறு, பார்த்தாலே உசத்தி என்று தோன்றுகிற நிறம். அதன் முனையில் அலுமினியம் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிச் சேரும், சேரச் சேர முனை நீளும், துளை பெரிதாகும், பிறகு ஒட்டியது பொட்டென்று உதிர்ந்துவிடும், துளை பழைய அளவுக்கே வந்துவிடும், எடுத்துப் பார்த்தால் இன்சர்ட் புத்தம்புதுசாக அப்பாவிபோல முழிக்கும். விற்பனைக்காரர் இதை ஏதோ பொழுதுபோக்குபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். 

அளவு ஏறுது, இறங்குது, தானாவே இறங்குது… இதையேதானே சின்னவன் சொன்னான்? மனைவியின் தம்பி, வீட்டில் எல்லோருக்கும் சின்னவன், கல்யாணம் ஆகும் வரை இவர் வீட்டு ஹாலில்தான் படுக்கை, பிறகும் வாரத்தில் நாலு நாள் சாப்பாடு அங்கேதான், இதே மெஷினில் ஆறு வருடம் ஓட்டியவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் முந்நூறு பீஸ் அளவு தப்பி, வாங்கினவர்களிடமிருந்து திரும்பி வந்தது. ஏறின பீஸும் இருந்தது, சரியான பீஸும் கலந்து இருந்தது. ஒரு தினுசாக இல்லாத தப்பு, மெஷின் கெட்டால் ஒரே மாதிரிதானே கெடும், அப்படியானால் யாரோ கை வைக்கிறார்கள், ஆஃப்செட்டை, அதுதான் மெஷினுக்கு முனை எவ்வளவு நீளம் என்று சொல்கிற எண்ணை, இஷ்டத்துக்கு மாற்றுகிறார்கள்… அப்படித்தான் அவர் முதலாளி அறையில் சொன்னார். பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை, இல்லவே இல்லை, நம்பித்தான் சொன்னார். "நான் ஆஃப்செட்டத் தொடவே இல்ல மாமா" என்று மட்டும் அவன் சொன்னான். சார் என்று கூப்பிட வேண்டிய இடத்தில் மாமா என்று கூப்பிட்டுவிட்டான், அது வேறு எரிச்சல். அன்று மாலையே வேலை போயிற்று. "பத்தாவதும் எட்டுதான் சார்." எழுதும்மா, எழுது.

இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது? அன்றைக்கு, அவள் தம்பி பக்கம் பேசுவாள், ஒரு வாரம் வீட்டில் அடுப்பு மூட்டாமல் சண்டை நடக்கும் என்று பயந்துகொண்டு போனவருக்கு, அவள் இவர் பக்கம் சேர்ந்ததுதான் ஆச்சரியம். அவர் சும்மா ஒருத்தர் மேல பழி போடுற ஆள் இல்லடா, மாமா கால்ல விழுந்து மன்னிப்பு கேளு, கேக்காம இந்த வாசப்படிய மிதிக்காத… அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் போனவன்தான். ஏதோ ஒரு ஊரில் பார்சல் வண்டி ஓட்டுகிறானாம். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தபோதும் அவள் போகவில்லை. போய்ப் பார்த்துட்டு வாயேன் என்று இவர்கூடப் பெரிய மனதோடு சொன்னார், ஆமாம், பெரிய மனது! "தப்பு பண்ணவன் முதல்ல வரட்டும்" என்று சொல்லிவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். இப்போது இந்தத் தாளில் கீழே ஒரு கட்டம் இருக்கிறது, மாற்றத்துக்கான காரணம். பழைய இன்சர்ட்டில் அளவு நிற்கவில்லை என்று எழுதினால் முதலாளி படிப்பார், ஞாபகசக்தி அவருக்கு அதிகம், முந்நூறு பீஸ் நினைவுக்கு வரும்… எழுதாமல் புது இன்சர்ட் வேண்டாம் என்றால் அடுத்த முந்நூறும் திரும்பி வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். ட்ரையலே தோற்றுப்போனால் மட்டும்தான் மூச்சுவிட வழி. பதினொன்று ஒன்பது, பன்னிரண்டு எட்டு, பதின்மூன்று எட்டு…

பதினைந்து முடிந்ததும் விற்பனைக்காரருக்கு போன் வந்தது, பேசிக்கொண்டே ஷெட்டுக்கு வெளியே போனார். அந்தப் பெண் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவர் விரல் தானாகப் போய் ஆஃப்செட் பக்கத்தைத் திறந்தது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, முப்பது மைக்ரான் கூட்டினால் ஒரே ஒரு பீஸ் கெடும், அடுத்த பீஸுக்குத் திருப்பி வைத்துவிடலாம், இரண்டே இரண்டு நொடி, ஒரு பூச்சிக்கும் தெரியாது… எண்ணை அடித்து பட்டனை அமுக்கினார். மெஷின் பீப் என்றது. பூட்டியிருக்கிறது, எழுத முடியாது என்று திரையில் சிவப்பு வரி. அட, ஆமாம், பூட்டு. அவர் பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார், வீட்டுச் சாவி, ஸ்கூட்டர் சாவி, அவற்றுக்கு நடுவே மெஷின் சாவி, துவாரத்தில் நுழைத்தார், திருப்பினார். சிவப்பு வரி மறைந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. இந்தச் சாவி எத்தனை வருடமாக என்னிடம் இருக்கிறது? நாலு வருடம்… யார் யாரோ கை வைக்கிறார்கள் என்று பூட்டச் சொல்லி, இருக்கிற ஒரே சாவியை வளையத்தில் மாட்டிக்கொண்டு போனது நான்தானே? அப்படியானால் முந்நூறு பீஸ் ஓடினபோது? முதலாளி அன்றைக்குக் கேட்டாரே, பூட்டு இருக்குமே, சாவி யார்கிட்ட? ஒரு நொடிகூட யோசிக்காமல், "மெஷின்லயேதான் சார் தொங்கும்" என்று வந்தது யார் வாயிலிருந்து? நம்பித்தான் சொன்னேன், நம்பித்தான் சொன்னேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாயே, எதை நம்பினாய்?

அன்று முதலாளி அறையில் சின்னவன் பக்கத்திலேயே நின்றிருந்தான். சாவி எங்கே தொங்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும், ஒவ்வொரு தடவையும் இவரிடம் கேட்டு வாங்கி, இவர் கண் முன்னாலேயே திறந்து, அங்கேயே திரும்பக் கொடுத்தவன். அவன் நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்தான், வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். மாட்டிக்கொண்டதால் பேச்சு வரவில்லை என்று அன்றைக்கு நினைத்தார்… வீட்டு வாசலில் அக்கா வாய்க்கு வந்தபடி திட்டியபோதும் அவன் சாவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் யாரை நம்பியிருப்பாள்? நம்பிய பிறகு யாரோடு இருந்திருப்பாள்?

"சார், பதினாறு ஓட்டலையா?" என்றாள் அந்தப் பெண். சாவி அவர் விரல்களுக்கு நடுவே திரும்பின நிலையிலேயே இருந்தது, திரையில் முப்பது என்ற எண் பட்டனுக்காகக் காத்திருந்தது. ஓட்டலாம்மா, ஒரு நிமிஷம் என்று சொல்ல நினைத்தார், அக்கா வீடு உடையக் கூடாது என்றுதான் சின்னவன் வாயை மூடினான் என்பது மனைவிக்குத் தெரியுமோ, தெரிந்துதான் அந்தத் துணிகளைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாளோ…