தொட்டிக்குள் மூன்று விரல்

நான் கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. தண்ணீர்மலைப் பூந்தோட்டத்தை இரண்டு தடவை சுற்றிவந்த பிறகு, நாங்கள் குடியிருக்கும் டத்தோ கிராமட் சாலையில் ஆர்க்கிட் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை.

எங்கள் வீட்டு முன்வாசலில் இருந்த ஊதா ஆர்க்கிட் தொட்டி கொள்ளாமல் பெருத்துவிட்டது. பிரித்துப் பாதி தருவதாகப் பக்கத்து வீட்டு ஹபீபா பீவியிடம் சொல்லிவிட்டு, மொட்டு விட்டிருக்கிறது, மழை விடட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் போட்ட தொட்டியோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இளந்தண்டுகள் எனக்கு, வாடிய கிழட்டுத் தண்டுகள் அவருக்கு என்று மனசுக்குள் பங்கு போட்டேன். வேருக்குச் சேதமில்லாமல் செடியை எடுக்கும் விதத்தை விளக்கிக்கொண்டே, எங்கள் தொட்டியின் அடித்துவாரத்தில் மூன்று விரலை நுழைத்து மேலே தள்ளினேன். செடி அசையவில்லை. விரல்களும் திரும்பி வரவில்லை.

அதுவும் செடி எடுக்கும் முறையில் ஒரு பகுதி என்பதுபோல் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தேன். விரல் வீங்க ஆரம்பித்ததும் பேச்சு நின்றது. என் மனைவி புஷ்பவள்ளி தேங்காய் எண்ணெயை ஊற்றினாள். எண்ணெய் சட்டையில் வழிந்ததுதான் மிச்சம். டிராமில் போனவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

தொட்டியை உடைக்கலாம் என்றாள் புஷ்பவள்ளி. வேர் போய்விடும் என்று தடுத்தேன்.

"வேரு போனா மறுபடி வரும். வெரலு வராதுலா தம்பி," என்றார் ஹபீபா பீவி. பிறகு எங்கள் அம்மிக் குழவியை வாங்கி, அவரே ஒரு போடு போட்டார்.

தொட்டி சிதறியது. செடி தானாகவே இரண்டாகப் பிரிந்து விழுந்தது. வலியில் எனக்குக் கண் கலங்கியிருந்தது.

"எது வேணுமோ எடுத்துக்குங்க, அக்கா," என்றேன்.

அவர் யோசிக்கவே இல்லை. இளந்தண்டுகளை எடுத்துக்கொண்டு போனார்.

கையில் கட்டோடு நான் உட்கார்ந்திருக்க, கிழட்டுத் தண்டுகளைப் புஷ்பவள்ளிதான் ஒரு தேங்காய் மட்டையில் வைத்துக் கட்டினாள். நேற்று அதில் பச்சையாக ஒரு முளை தெரிந்தது. ஆபீசில் கூட வேலை செய்யும் ஜெயராஜிடம், நான் பிரித்து வைத்த செடி துளிர்த்துவிட்டது என்று சொன்னேன். தன் வீட்டிலும் பிரிக்க வேண்டிய செடி ஒன்று இருக்கிறது, வந்து பிரித்துத் தர முடியுமா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.