ஃபென்னா ஒட்டிய ஸ்டாம்பு

என் புருஷன் ஹாப்போவுக்கு ஸ்டாம்பு என்றால் உயிர். லேர் ஊர் ஸ்டாம்புச் சங்கத்துக்கு இருபது வருஷமாக அவர்தான் செயலாளர். உறையிலிருந்து ஸ்டாம்பைக் கழற்ற வெதுவெதுப்பான தண்ணீர்தான் வழி, கெட்டில் ஆவியில் காட்டுகிறவன் மடையன் என்பார். "சுருண்டு போயிரும். அதுக்கப்புறம் அது ஸ்டாம்பு இல்ல, சருகு."

அப்பேர்ப்பட்ட மனுஷன் ஃபென்னாவின் உறையை மட்டும் ஆவியில் காட்டுகிறார்.

ஃபென்னா நோர்டனில் இருக்கும் ரிட்டயர்டு டீச்சர், புருஷனை இழந்தவள். கண்காட்சியில் பழக்கமாம். வாரம் ஒரு கடிதம். அதை எனக்கு உரக்கப் படித்தும் காட்டுவார்: மழை, பூனை, முட்டைக்கோஸ். குற்றம் சொல்ல ஒரு வரி கிடைக்காது, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். படித்து முடித்ததும் உறையையும் கெட்டிலையும் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுவார். அந்த ஸ்டாம்பை அவள் நாக்கால் நனைத்துத்தானே ஒட்டியிருப்பாள் என்று நினைத்தால் எனக்கு டீ தொண்டையில் இறங்காது.

எனக்குத் தெரியாத வித்தையா? கல்யாணத்துக்கு முன்னால் என் அப்பா வருகிற, போகிற கடிதத்தையெல்லாம் பிரித்துப் படிப்பார். அதனால் ஸ்டாம்புக்கு அடியில் பென்சிலால் எழுதி அனுப்பிக்கொண்டவர்கள் நானும் ஹாப்போவும்தான்.

போன புதன்கிழமை அவர் பல் டாக்டரிடம் போயிருந்தபோது கடிதம் வந்தது. எடுத்தது தெரியாமல் திரும்ப ஒட்ட வேண்டும். ஸ்டாம்பு ஓரத்தில் ஒரு பல் மடங்கினாலும் லென்ஸை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் அவர் சொன்ன வழியிலேயே போனேன். மை ஒற்றும் தாளை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, ஸ்டாம்பின் மேல் போட்டு, இருபது நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஸ்டாம்பு வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு பல் போகவில்லை.

அடியில் நீலமாக ஒரு குளம். மூன்று வரி இருந்திருக்கும். நான் குனிவதற்குள் அதுவும் கலைந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் மை, தண்ணீர் பட்டால் கரைகிற மை. டீச்சர் வேறு எதில் எழுதுவாள்? அவர் ஏன் ஆவியில் காட்டினார் என்று அப்போதுதான் இந்த மண்டைக்கு உறைத்தது. அவளைத் திட்டினேன், அவரைத் திட்டினேன், கடைசியில் என்னையே திட்டிக்கொண்டேன். கறை போகும்வரை ஒற்றி எடுத்து, அடுப்பருகில் காயவைத்து, பசை தடவி ஒட்டினேன்.

சாயங்காலம் வீங்கிய கன்னத்தோடு வந்தார். கடிதத்தைப் படித்துக் காட்டினார். இந்த வாரமும் பூனைதான்.

"இன்னும் ஒரு கப் ஊத்தட்டுமா?" என்றேன்.

"இரு டோம்மா, வந்துடறேன்" என்று கெட்டிலோடு எழுந்தார்.

கதவிடுக்கில் நின்று பார்த்தேன். ஸ்டாம்பைத் தூக்கினார். உறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் தடவினார். ஸ்டாம்பின் முதுகையும் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்த முகத்தை நான் முன்பே ஒருதரம் பார்த்திருக்கிறேன். நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு வாரம் நான் அடியில் எழுத மறந்து வெறும் ஸ்டாம்பை ஒட்டி அனுப்பிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் இதே முகத்தோடுதான் நின்றுகொண்டிருந்தார்.