ஆளுக்கு ஒரு இலை

அண்ணனூர் ரயில் ஷெட்டில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டராக இருந்து ரிட்டையரான ராயப்பனும் அவர் மனைவி தெரசாவும் புனித நாட்டு யாத்திரைக்குப் பெயர் கொடுத்தது தொண்ணூற்றாறாம் வருஷத் தவக்காலத்தில். பங்குக் கோயிலில் பாடகர் குழுவை நடத்திவந்த பாஸ்கல் நாற்பது பேரைச் சேர்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இல்லாத வீடு அது. பாஸ்போர்ட் வந்த அன்று தெரசா இரண்டையும் மாதா படத்துக்கு முன்னால் வைத்து, மல்லிச்சரத்தைக் கிள்ளி ஆளுக்கொரு பூ போட்டாள்.

ஆகஸ்டில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. செப்டம்பரில் கட்டி என்றார்கள். அறுத்துப் பார்த்த டாக்டர் அப்படியே தைத்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், கேட்டதைச் செய்துகொடுங்கள் என்றார்.

அக்டோபர் கடைசியில் பயணம். தன் பெயரையும் அடித்துவிடச் சொல்லலாம் என்று ராயப்பன் செருப்பை மாட்டினார். தெரசா விடவில்லை.

"ரெண்டு பேர்ல ஒருத்தராச்சும் அந்த மண்ண மிதிக்கணும்யா. நீ போய்ட்டு வா. ஞானம் என்னைப் பாத்துக்கும்."

ஞானகுமாரி அவள் தங்கை. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து துணிமூட்டையோடு ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தாள்.

"உனுக்கு இன்னா எடுத்துகினு வரட்டும்?"

நெடுநாள் யோசித்து வைத்திருந்தவள் போல உடனே சொன்னாள். "ஆண்டவரு ரத்த வேர்வ சிந்துனாரே, அந்த ஒலிவ மலையிலேந்து ஒரு எல. ஒண்ணே ஒண்ணு போதும். தலகாணிக்கு அடியில வச்சிக்கினு படுத்துக்கிறேன்."

பம்பாய் போய், அங்கிருந்து ஜோர்தான் நாட்டு அம்மான் நகரம் போய், பிறகு பஸ்ஸில் எல்லை தாண்டி எருசலேம் போய்ச் சேர்ந்தார்கள். பஸ்ஸில் ராயப்பனுக்குப் பக்கத்து இருக்கை காலி. அதில் யாரையும் உட்காரச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. பின்னால் எதிர்வீட்டு செலின் இருந்தாள். ஜூஸ் குடித்த டப்பாவையும் பிஸ்கட் தாளையும் எல்லோரும் ஜன்னல் வழியாக வீசியபோது அவர் மட்டும் தன்னுடையதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ரயில்பெட்டியில் ஜனங்கள் விட்டுப்போவதையெல்லாம் முப்பத்தோரு வருஷம் பார்த்தவர். உட்காரும் மெத்தையைக் கிழித்தவன் ஒருவனாக இருக்க மாட்டான். ஒருவன் கீறுவான், அடுத்தவன் விரலை விட்டு நோண்டுவான், பத்தாவது ஆள் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு போவான். கேட்டால் பத்துப் பேருமே, நான் இன்னா பெருசா பண்ணிட்டேன் என்பார்கள்.

ஒலிவ மலைக்குப் போன அன்று, ஆண்டவர் ஜெபித்த தோட்டத்தைச் சுற்றி வேலி போட்டிருந்தது. உள்ளே கை எட்டவில்லை. பெண்கள் பலருக்குக் கண் கலங்கிவிட்டது. மலைச்சரிவில் கொஞ்சம் இறங்கினால் வேலி இல்லாத இன்னொரு ஒலிவத் தோப்பு இருப்பதை யாரோ பார்த்துச் சொன்னார்கள். அவ்வளவுதான், நாற்பது பேரும் இறங்கிவிட்டார்கள்.

அது யாரோ ஒருவருடைய தோப்பு. இருபது மரம் இருக்கும். காய்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன. சாலையோர மரங்களில் ஆள் கைக்கு எட்டுகிற உயரம்வரை இலையும் இல்லை, காயும் இல்லை. ராயப்பன் அதைக் கவனிக்காமல் இல்லை. ஆனாலும் தெரசாவின் முகம்தான் முன்னால் நின்றது. எக்கி ஒரு கிளையைப் பிடித்து வளைத்தார். இரண்டு இலைகள் கையோடு வந்தன; சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மூன்றாவதற்குக் கொஞ்சம் இழுத்தபோது, கிளை அடியோடு முறிந்து பட்டையில் தொங்கியது. காயெல்லாம் மண்ணில் உருண்டது.

மேலேயிருந்து ஒரு கிழவர் ஓடிவந்தார். தலையில் துண்டு, காலில் கிழிந்த ஷூ. திட்டப்போகிறார் என்று மற்றவர்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். ராயப்பன் நின்ற இடத்திலேயே நின்றார். கிழவர் திட்டவில்லை. முறிந்த கிளையைத் தூக்கிப் பழைய இடத்தில் பொருத்திப் பார்த்தார். இடுப்பிலிருந்து சணல்கயிறை எடுத்தார். ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு கட்ட முடியவில்லை. ராயப்பன் போய்க் கிளையைத் தாங்கிப் பிடித்தார். கிழவர் சுற்றிச் சுற்றிக் கட்டினார். அந்த நேரத்தில் இருவரும் ஒரு ஷெட்டில் வேலை பார்க்கிறவர்கள் மாதிரிதான் இருந்தார்கள். கட்டி முடித்த பிறகு கிழவர் ஏதோ சொன்னார். தேடி வந்த பஸ் டிரைவர் அதை இங்கிலீஷில் சொன்னார். ஷெட்டில் பழகிய இங்கிலீஷ் ராயப்பனுக்கு அந்த அளவுக்குப் போதும்.

தினமும் பத்து பஸ் வருகிறதாம். எல்லோருக்கும் ஒரே ஒரு இலைதான் வேண்டுமாம்.

ராயப்பன் சட்டைப்பையிலிருந்த இரண்டு இலைகளையும் எடுத்துக் கிழவரின் உள்ளங்கையில் வைத்தார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

"பறிச்ச எலய திருப்பிக் குடுத்தா மரத்துல ஒட்டிக்குமா அண்ணே?" என்றாள் செலின். அவள் கைப்பை நிறைய இலை இருந்தது.

ஊர் திரும்பியபோது தெரசா பாதியாக இளைத்திருந்தாள். பெட்டியைத் திறக்கும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோர்தான் தண்ணீர், ஜெபமாலை, மெழுகுவத்தி எல்லாம் வந்தன. அவள் கை நீட்டியபடியே இருந்தது.

வேப்பிலையைக் காயவைத்துக் கொடுத்தாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை. விமானத்தில் அந்த நினைப்பும் அவருக்கு வந்ததுதான். ஆனால் தெரசாவிடம் அவர் பொய் சொல்லிப் பழகியதில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார்.

தெரசா கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சரி. பொண்டாட்டிக்கு ஒடம்பு முடியல, அதுக்கோசரம் ஒண்ணு குடுன்னு அந்தப் பெரியவர்கிட்ட கேட்டியா?"

ராயப்பன் ஜெபமாலையை எடுத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பாருல்ல?"

"வெக்கமா இருந்துச்சி தெரசு. கேக்கத் தோணல."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று ஞானகுமாரி ஊட்டிய கஞ்சியையும் குடிக்கவில்லை.

மறுநாள் காலையில் செலின் ஓர் இலையை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து எடுத்து வந்தாள். மேலே கரும்பச்சை, அடியில் வெள்ளி. தெரசா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அந்தப் பெரியவர் மரத்துதா?"

"ஆமாக்கா."

தெரசா ராயப்பனைப் பார்க்காமல் அதைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். தினமும் காலையில் ராயப்பன் விரிப்பு மாற்றும்போது இலையைப் பக்குவமாக எடுத்து ஜன்னல் மேடையில் வைப்பார். புது விரிப்புப் போட்டதும் அதே இடத்தில் திரும்ப வைப்பார். அது நொறுங்கிவிடக் கூடாதே என்ற கவலை அவளைவிட அவருக்குத்தான் அதிகமாக இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், வலிக்கு ஊசி போட்டுப்போன நர்ஸ் படி இறங்கியதும், தெரசா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அந்தக் கெளய ரெண்டு பேரும் எப்பிடி கட்டுனீங்க? சொல்லு."

அவர் சொன்னார். தான் எப்படிப் பிடித்தார், கிழவர் எத்தனை சுற்றுச் சுற்றினார், முடிச்சு எங்கே வந்தது என்று கையால் காட்டிச் சொன்னார்.

"பொழைக்குமா?"

"பட்ட அறுந்து போவல. பொழச்சிக்கும்னு நெனைக்கிறேன்."

தலையணைக்கு அடியிலிருந்த இலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நீ பண்ணது சரிதான்யா. ஆனா எனுக்கு உன் கையாலதான் வேணும்னு இருந்துச்சி."

அதற்கு நான்காம் நாள் கோயில் சாமியார் வந்து எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்தார். மறுநாள் போய்விட்டாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு, பாஸ்கல் அவரைத் தேடி வந்தார். அடுத்த வருஷத்துக்கும் ஒரு கூட்டம் போகிறது, புதிதாகப் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றார். வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதற்கு இது மேல் என்று ராயப்பன் ஒப்புக்கொண்டார்.

கோயில் ஹாலில் முப்பது பேர் இருந்தார்கள். நல்ல ஷூ எடுத்துக்கொள்ளச் சொன்னார். குப்பையை வெளியே வீசாதீர்கள் என்றார். "நமக்குத்தான் அது புனித நாடு. அங்க கீறவங்களுக்கு அது ஊடு, வாசல். மரத்துல கை வைக்காதீங்க" என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"எங்க அம்மா படுத்த படுக்கையா கீது அண்ணே. ஒரே ஒரு எல எடுத்துகினு வரச் சொல்லி அழுவுது. நான் இன்னா பண்றது?"

ராயப்பன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் டம்ளரைப் பாஸ்கல் அவர் பக்கம் நகர்த்தினார்.

"கேளும்மா," என்றார். "அந்த மரத்துக்காரர் கிட்ட போயி, வெக்கப்படாம, அம்மாவப் பத்தி சொல்லிக் கேளு." டம்ளரைக் கையில் எடுத்தார். "நான் கேக்கல."

தண்ணீரைக் குடிக்காமலே உட்கார்ந்துவிட்டார்.